கேனான் 600டியா, நிகான் டி5300ஆ: விண்மீன்களைப் படமெடுக்க எது?

பழைய கேமரா ஒன்றை வாங்கி இரவு வானத்தைப் படமெடுக்கலாம் என்று இறங்குபவர்களின் காதில் அடிக்கடி விழும் பெயர்கள் இரண்டு: 2011இல் வந்த கேனான் 600டி, 2013இல் வந்த நிகான் டி5300. இரண்டையும் தூக்கிக்கொண்டு மலையேறியிருக்கிறேன். ஒளியைப் படமாகப் பதியும் சென்சாரை மட்டும் பார்த்தால் நிகான்தான். ஆனாலும் முதல் கேமரா வாங்குபவருக்குக் கேனானையே சொல்வேன். காரணம் ஃபோகஸ்.

நிகானின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 24 மெகாபிக்சலா 18ஆ என்பது பெரிய விஷயமில்லை. விண்மீன் படத்தில் நமக்கு வேண்டியதெல்லாம் கறுப்பை ஒட்டியே ஒளிந்திருக்கும். அதைக் கணினியில் மேலே இழுத்து, வெளிச்சமாக்கித்தான் நெபுலா என்னும் விண்வெளி மேகத்தை வெளிக்கொண்டுவருகிறோம். அப்படி இழுக்கும்போது 600டி படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் எழும்பும். டி5300இல் பின்னணி சீராக நிற்கும். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 400கூடப் போதும். கேனானுக்கு 800, 1600 என்று ஏற்ற வேண்டும். குறித்த இடைவெளியில் தானே படமெடுத்துக்கொண்டே போகும் வசதியும் நிகானுக்குள்ளேயே இருக்கிறது. கேனானுக்குத் தனியாக ரிமோட் வாங்க வேண்டும்.

ஹைட்ரஜன் மேகங்கள் உமிழும் 656 நானோமீட்டர் சிவப்பில் இரண்டுமே சோடை. சென்சாருக்கு முன்னுள்ள வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். இதற்கென்றே 2012இல் கேனான் 60டிஏ, 2015இல் நிகான் டி810ஏ வந்தன. தொடக்கத்தில் அவை தேவையில்லை. ஓரியன் நெபுலா சாதாரண கேமராவிலேயே அழகாக விழும். குதிரைத்தலை நெபுலாதான் மங்கிப்போகும்.

இனி ஃபோகஸ். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். பெரும்பாலான லென்ஸ்கள் அந்தக் குறியைத் தாண்டியும் சுழலும். தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, காட்சியைக் கேமராவின் திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பிடித்துப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். 600டியின் திரையில் அது சிறு கோலப்புள்ளி போலத் தெரியும். வளையத்தை மயிரிழை அளவு நகர்த்தினால் புள்ளியைச் சுற்றிச் செந்நிற விளிம்பு தோன்றும். எதிர்ப்பக்கம் நகர்த்தினால் அது நீலப்பச்சையாக மாறும். இரண்டுக்கும் நடுவே, புள்ளி மிகச் சிறியதாகும் இடம்தான் நமக்கு வேண்டியது. திருவாதிரையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்: சிவந்த விண்மீனுக்குச் சரியாக வைத்தால் வெள்ளை விண்மீன்கள் நீல வளையத்தோடு உப்பிவிடும். அதே ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள ரைஜல் நல்லது. டி5300இலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் நான் பயன்படுத்திய கேமராவில் பெரிதாக்கியதும் திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் ஏறி, விண்மீன் எது என்றே கண் தடுமாறியது.

கேனானுக்கு இன்னொரு வசதியும் உண்டு. லென்ஸை மாட்டும் வாயிலிருந்து அதன் சென்சார் 44 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கிறது, நிகானில் 46.5. அதனால் பழைய நிகான் கைமுறை லென்ஸ்களை ஓர் இணைப்பு வளையம் போட்டுக் கேனானில் மாட்டலாம். அவற்றின் ஃபோகஸ் வளையம் இறுக்கமாகச் சுழலும், வைத்த இடத்தில் நிற்கும். கேனான் லென்ஸை நிகானில் வெறும் வளையத்தால் மாட்டினால் விண்மீனுக்கு ஃபோகஸே வராது.

நின்ற இடத்தில் நிற்பது எவ்வளவு முக்கியம் என்பது ஜவ்வாது மலையில் ஒரு ஜனவரி இரவில் எனக்குப் புரிந்தது. லென்ஸில் பனி படிந்திருந்தது, துணியால் துடைத்தேன். அப்போது வளையம் அசைந்தது தெரியவில்லை. அதற்குப்பின் எடுத்த 120 படங்களிலும் விண்மீன்கள் பொரித்த அப்பளம்போல விரிந்து கிடந்தன. இப்போது ஃபோகஸ் வைத்ததும் வளையத்தில் டேப் ஒட்டுகிறேன். ஒட்டிய பிறகும் ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன்.

200 மில்லிமீட்டர் லென்ஸோ தொலைநோக்கியோ என்றால் கண்ணை நம்புவதைவிட பாஹ்தினோவ் மாஸ்க் மேல். ரஷ்யாவின் பாவெல் பாஹ்தினோவ் 2005இல் உருவாக்கிய, சாய்வான கீற்றுகள் வெட்டிய தகடு அது. முன்னால் மாட்டினால் விண்மீனிலிருந்து பெருக்கல் குறிபோல இரண்டு கதிர்களும், ஊடே ஒரு தனிக் கதிரும் விழும். தனிக்கதிர் நட்டநடுவில் வந்தால் ஃபோகஸ் சரி. 50 மில்லிமீட்டர் லென்ஸில் கதிர்கள் மிகக் குட்டையாக இருக்கும், அங்கே லைவ் வியூவே போதும். நிகான்தான் வேண்டும் என்பவர்கள் இந்தத் தகட்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்: சில விநாடிகள் திறந்து எடுத்த படத்தில் கதிர்களைப் பார்த்துச் சரிசெய்யலாம், இரைச்சல் ஏறிய திரையோடு போராட வேண்டியதில்லை. நள்ளிரவு தாண்டிக் குளிர் இறங்கியதும் ஃபோகஸ் நகர்ந்திருக்கலாம், தகட்டை மறுபடி மாட்டிப் பாருங்கள். படமெடுக்கும் முன் கழற்றிவிடுங்கள்.