பேடில்போர்டு: லீஷ் காலிலா, இடுப்பிலா? ஜாக்கெட்டா, பெல்ட்டா?

பேடில்போர்டு, அதாவது மேலே நின்றுகொண்டு துடுப்புப் போட்டுப் போகும் பலகை, வாங்குகிறவர்கள் அதன் நீளம், அகலம், பிராண்டு என்று நாள்கணக்கில் அலசுவார்கள். ஆனால் பலகையையும் ஆளையும் இணைக்கிற லீஷ் விஷயத்தில் பெட்டியில் எது வந்ததோ அதையே கணுக்காலில் சுற்றிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். என்னைக் கேட்டால் முதலில் அலச வேண்டியது அந்தக் கயிற்றைத்தான்.

ஏன் என்றால், தண்ணீரில் விழுந்தபின் உங்களிடம் இருக்கும் ஆகப் பெரிய மிதவை அந்தப் பலகைதான். காற்றுள்ள நாளில், குறிப்பாகக் காற்றடைத்த லேசான பலகை என்றால், நீங்கள் நீந்துவதைவிட வேகமாக அது போய்விடும். சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் ஜூன், ஜூலை காலைகளில் பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். அதனாலேயே கரையோரத் தண்ணீர் அமைதியாகத் தெரியும், புதிதாக வருகிறவர் "இன்னைக்கு நல்லா இருக்கே" என்று இறங்குவார், திரும்பி வரும்போதுதான் எதிர்காற்று புரியும். அந்த நேரத்தில் பலகையும் கையைவிட்டுப் போனால் அவ்வளவுதான்.

சரி, எந்த லீஷ்? நேரான கணுக்கால் லீஷ் அலைக்கு ஏற்றது. அலையில் விழுந்தால் பலகை இழுபட்டுப் போகும். சுருள் லீஷாக இருந்தால் ஸ்பிரிங் மாதிரி இழுத்து உங்கள்மேலேயே திருப்பி அடிக்கும், நேரான லீஷில் அந்த ஆபத்து குறைவு. அமைதியான காயலில், ஏரியில் நேர் லீஷ் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே வரும், செடி கொடியில் சிக்கும். அங்கே சுருள்தான் சௌகரியம், பலகை மேலேயே சுருண்டு கிடக்கும். முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டால் காலில் மிதிபடவும் செய்யாது. இந்த இரண்டுக்குள் பெரிய சண்டை ஒன்றும் இல்லை.

சண்டை ஓடும் தண்ணீரில்தான். ஆறு, முகத்துவாரம், பாலத்தூண், படகு கட்டிய இடம் என்று எதுவாக இருந்தாலும் தூணுக்கு ஒரு பக்கம் பலகை, மறுபக்கம் நீங்கள் என்று மாட்டினால், நீரோட்டம் உங்களை நீட்டிப் பிடித்து உள்ளே அமுக்கும். அந்த இழுப்புக்கு எதிராகக் குனிந்து கணுக்காலைத் தொட முடியாது. எத்தனை நல்ல நீச்சல்காரராக இருந்தாலும் முடியாது. உயிர்காக்கும் கயிறே அங்கே தளை. முட்டுக்காட்டில் மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்து தண்ணீர் கடலுக்கு இழுக்கும்போது பாலத்தடியில் போக நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும் (போகாமல் இருப்பது இன்னும் நல்லது).

2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸ் நாட்டின் ஹேவர்ஃபோர்டுவெஸ்டில், மழையில் பெருகி ஓடிய கிளெடாவ் ஆற்றில் ஒரு குழு பேடில்போர்டில் போய், ஊருக்குள் இருக்கும் தடுப்பணையில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த வெள்ளத்தில் இறங்கியதும், அணையைப் பற்றிச் சரியாக எச்சரிக்காததும்தான் முதன்மையான தவறுகள். ஆனால் அவர்கள் கட்டியிருந்த லீஷும் ஓடும் ஆற்றுக்கு உரிய வகை இல்லை. பயணத்தை நடத்தியவருக்கு 2025-ல் பத்தரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

ஓடும் தண்ணீருக்கு உரியது இடுப்பு பெல்ட் லீஷ், ஒரு குமிழைப் பிடித்து இழுத்தால் மொத்தமாகக் கழன்றுவிடும் வகை. இதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, பெல்ட்டை மிதவை ஜாக்கெட்டுக்கு உள்ளே கட்டினால் குமிழ் கைக்கு எட்டாது. வெளியேதான் கட்ட வேண்டும், இரண்டு கையாலும் எட்ட வேண்டும். இன்னொன்று, லீஷைத் தப்பான வளையத்தில் மாட்டினாலோ முடிச்சுப் போட்டாலோ இழுத்தாலும் கழலாது. ஆகவே முதலில் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில், கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பாருங்கள். ஒரே ஒரு லீஷ்தான் வாங்குவேன் என்பவருக்கு என் ஓட்டு சுருள் கயிறு போட்ட இடுப்பு பெல்ட்டுக்குத்தான். அலை பிடிக்கப் போகிறவர் மட்டும் நேர் லீஷைத் தனியாக வாங்கட்டும்.

அப்புறம் மிதவை. ஃபோம் ஜாக்கெட் வியர்க்கும், சென்னை வெயிலில் எரிச்சலாகத்தான் இருக்கும். இடுப்பில் கட்டும் காற்றுப் பெல்ட் இருப்பதே தெரியாது, படத்திலும் அழகாக இருக்கும். ஆனால் அது தானாக வேலை செய்யாது. கயிற்றை இழுத்து வாயுக்குப்பியை உடைத்து, உப்பியதைத் தலைவழியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பலகை மண்டையில் அடித்து மயங்கியவர் இதில் எதைச் செய்வார்? குப்பி ஒருமுறைக்குத்தான், பயன்படுத்தினால் புதிது வாங்கிப் போட வேண்டும். துருப்பிடித்திருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவும் வேண்டும். நீச்சல் நன்றாகத் தெரிந்த பெரியவர், அமைதியான தண்ணீர் என்றால் பெல்ட் போதும். நீச்சல் அரைகுறை என்றாலோ குழந்தைகள் என்றாலோ ஃபோம்தான், பேரம் பேசாதீர்கள்.

ஃபோமிலும் லேபிளைப் பாருங்கள். எவ்வளவு விசையோடு மிதக்கவைக்கும் என்பதை நியூட்டன் கணக்கில் போட்டிருப்பார்கள். 50 நியூட்டன் என்று இருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கான மிதவை உதவி, மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது. துடுப்புப் போட வசதி அதுதான், நீந்தத் தெரியாதவருக்கு 100 நியூட்டன் லைஃப் ஜாக்கெட். செல்போனை நீர்புகாத உறையில் போட்டு உடம்போடு கட்டுங்கள், பலகையோடு அல்ல. இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554.