வவுனியாவா, கிளிநொச்சியா, திருநெல்வேலியா? சூழல் படிக்க நினைக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு எந்த வாசல்

உயர்தர முடிவும் இசட் புள்ளியும் வந்த கையோடு, அண்ணாவின் மகள் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உயிரியல் பிரிவு. மருத்துவத்துக்கு எட்டாது, அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. "மாமி, எனக்குச் சூழல்தான் படிக்கவேணும். ஆனா எதை முதலாவதாப் போடுறது?" என்று கேட்டாள். பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தவை மட்டும் ஆறு. கூடவே வந்த சிநேகிதி கலைப்பிரிவு. அவளுக்கும் அதே ஆசை. அன்று பின்னேரம் முழுக்க இருந்து பேசினோம். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், இரசாயனவியல் படித்தவள். பிறகு சில வருடங்கள் கிணற்று நீர் மாதிரி எடுக்கும் வேலை செய்தேன். போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசி, நிரப்பி, மூடி, பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு இலங்கைத் தரம் அனுமதிக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி நின்றதை என் கையால் அளந்திருக்கிறேன். அந்தத் தாளோடு ஒருமுறை ஒரு கூட்டத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தங்கச்சி, இதை வைச்சு எந்தச் சட்டத்தின் கீழ, யாருக்கு, என்னெண்டு நான் எழுதுறது?" என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இருக்கவில்லை. நாலு வருடப் படிப்பில் அந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆகவே, ஒரு பட்டத்தைப் பார்க்கும்போது இரண்டு விடயங்களைப் பார்க்கிறேன். ஒன்று, தண்ணீரையும் மண்ணையும் சரியாக அளக்கச் சொல்லித் தருமா? மற்றது, அளந்ததை ஒரு முடிவாக மாற்ற வழி காட்டுமா? இந்த இரண்டையும் ஒரே அளவில் தரும் இடம் அரிது. எது எந்தப் பக்கம் குறை என்று தெரிந்துகொண்டு போனால், அந்தக் குறையை நாமே நிரப்பிக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எங்களுக்கு வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். மற்றதெல்லாம் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கிக் கிடக்கும் மழைத் தண்ணீர்தான். கடல்நீருக்கு மேலே மிதக்கும் நன்னீர்ப் படலம் அது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மறுபக்கம் பார்த்தால், மோட்டரால் இறைத்து மேலே ஓரடி குறைத்தால் கீழிருந்து சவர், அதாவது உப்புநீர், 40 அடி ஏறி வரப் பார்க்கும். மேலே இருந்தோ, செம்மண் பிடித்து வைக்காத நைத்திரேற்று, இறைத்த தண்ணீரோடு சேர்ந்து கல் வெடிப்பு வழியாக நேரே இறங்குகிறது. தோட்டத்து யூரியா, மாட்டெரு, வீட்டு மலகூடக் குழி எல்லாம் சேர்ந்த கூட்டு அது. "நாங்கள் கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறம்" என்று எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீர் என்றால் இது விளையாட்டல்ல. குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவும் திறனை அது குறைத்துவிடும்.

சரி, இப்போது இடங்களுக்கு வருவோம்.

வவுனியாப் பல்கலைக்கழகம். 2021 ஓகஸ்ட் வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது. அப்புறம் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. அங்கே பம்பைமடுவில், பிரயோக விஞ்ஞான பீடத்தில், சூழல் விஞ்ஞானம் என்ற பெயரிலேயே பட்டம் இருக்கிறது. வடக்கில் உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கு நேரான வாசல் இதுதான். நீர், மண், உயிர்ப்பல்வகைமை, கழிவு எல்லாவற்றையும் ஒரே பட்டத்துக்குள் பார்ப்பது இதன் பலம். சுற்றிவரக் குளமும் காடும் இருக்கின்றன. யானை தோட்டத்துக்குள் இறங்கும் பிரச்சினையும் சிறுநீரக நோய்ப் பிரச்சினையும் பக்கத்திலேயே உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த வறண்ட வலயக் காட்சி கண்ணைத் திறக்கும். குறை என்ன? பல பாடங்களைத் தொட்டுப் போகும் பட்டத்தில் எதிலும் ஆழம் குறையலாம். ஆய்வுகூட வேலையில் இரசாயனவியல் சிறப்புப் பட்டதாரியோடு போட்டி போட வேண்டியும் வரும். இறுதி வருட ஆய்வை ஒரே விடயத்தில் கெட்டியாகச் செய்தால் இதைச் சமாளிக்கலாம். பாடத்திட்டத்தை எடுத்து, சூழல் சட்டத்துக்கும் சூழல் தாக்க மதிப்பீட்டுக்கும் எத்தனை கிரெடிட் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பருவமாக எண்ணிப்பார் என்றேன் மருமகளிடம். பட்டத்தின் பெயரைவிட அந்த எண் அதிகம் சொல்லும்.

திருநெல்வேலியில் விஞ்ஞான பீடம். நான் படித்த இடம் என்பதால் என் சாய்வு தெரிந்துவிடும். ஆனாலும் நேராகவே சொல்கிறேன். இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல் படித்தால் அளக்கும் கை திருந்தும். கருவியை நம்பலாமா, கூடாதா என்று தெரியும். ஒரு முடிவைப் பார்த்தவுடன் "இது பிழை, திருப்பிச் செய்" என்று சொல்லும் துணிவு வரும். கொள்கைப் பக்கம்தான் வெறுமை. அதை வெளியே தேடித்தான் நான் கற்றேன். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தை முதன்முதலாக முழுவதும் வாசித்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது.

கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம். இதைச் சூழல் படிப்பாக எங்கள் ஆட்கள் எண்ணுவதில்லை. அங்கேதான் பிழை விடுகிறோம் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன நைத்திரேற்றுப் பிரச்சினைக்கு மருந்து ஆய்வுகூடத்தில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது. யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் பயிர் வளர வளரப் பிரித்துப் போடுவதும், இறைப்பை அளந்து செய்வதும்தான் அது. இதை ஒரு வெங்காயச் செய்கைக்காரரிடம் போய்ச் சொல்ல, மண்ணும் தெரிய வேண்டும், அவருடைய செலவுக் கணக்கும் தெரிய வேண்டும். மண் விஞ்ஞானமும் விவசாயப் பொருளியலும், கற்றதைத் தோட்டக்காரரிடம் கொண்டுபோகும் விரிவாக்கமும் ஒரே நாலு வருடத்துக்குள் கிடைப்பது இங்கேதான்.

2021ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அதைத் தளர்த்தினார்கள். யூரியாவைக் குறைக்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவள் நான். ஆனால் அந்தத் தடை வந்த விதத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதைத்தது. உருளைக்கிழங்குக்காரர் ஒருவர் பழைய உரப்பையை உதறி உதறி மிச்சத்தைச் சேர்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நோக்கம் சரியாக இருந்தும் படிமுறை இல்லாவிட்டால் ஒரு கொள்கை எப்படி விழும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காது. அந்த நேரம் இரண்டு பக்கமும் புரிந்து பேசியவர்களில் பலர் விவசாயப் பட்டதாரிகள். ஆனால் எண்ணெய் மாசு, நகரக் குப்பை, கடற்கரை, காற்று என்று வந்தால் இந்தப் பட்டம் கைகொடுக்காது.

தெற்கே போனால் சப்ரகமுவவில் சூழல் விஞ்ஞானமும் இயற்கை வள முகாமைத்துவமும், களனியில் சூழல் பேணலும் முகாமைத்துவமும், ஸ்ரீ ஜயவர்தனபுரவில் வனவியலும் சூழல் விஞ்ஞானமும் இருக்கின்றன. முகாமைத்துவப் பக்கம் நல்ல கனம். சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கும் பெலிஹுல்லோயா மலையடிவாரத்தில் இருந்து நீரேந்து பகுதியைப் படிப்பது தனி அனுபவம்தான். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது மொழி. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. கோப்புகள் பெரும்பாலும் சிங்களத்தில் ஓடும். தெற்கே நாலு வருடம் இருந்து சிங்களம் பேசப் பழகிய வடக்குப் பிள்ளை ஒன்று அந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தால், எங்கள் கிணறுகளின் கதை மொழிபெயர்ப்பாளரைக் காத்திருக்க வேண்டியதில்லை. அண்ணிக்கு இது பிடிக்கவில்லை, தூரம் என்றா. அவவுடைய பயத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது சிநேகிதியின் விடயம். கலைப்பீடத்துப் புவியியலை, வேறொன்றும் கிடைக்காதவர்கள் எடுக்கும் பாடம் என்று வீட்டில் சொல்லி இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. எந்தக் கிணறு எந்த மலகூடக் குழிக்கு எவ்வளவு தூரம், எந்தக் கிராமத்தில் சவர் எத்தனை வருடத்தில் எவ்வளவு உள்ளே வந்தது என்பதை ஒரே படத்தில் காட்டுவது புவியியல் தகவல் முறைமை தெரிந்தவருடைய வேலை. பிரதேச சபைக் கூட்டத்தில் என்னுடைய எண் அட்டவணையை ஒருவரும் வாசிக்கவில்லை. நிறம் தீட்டிய வரைபடத்தைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள். தமிழில் படிக்கலாம் என்பதும் சிறிய விடயமல்ல. இரசாயன அடிப்படையை மட்டும் அவள் தனியாகத் தேடிக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சட்டத்துக்கு எந்தப் பிரிவுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாணத்திலேயே சட்டத்துறை இருக்கிறது. சுன்னாகத்தை எடுங்கள். அங்கே மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அறிக்கைகள் வந்தன. சனம் எதை நம்புவது என்று தெரியாமல் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றது. கடைசியில் அடிப்படை உரிமை மனு ஒன்றில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. அந்த வழக்கில் நீரின் பகுப்பாய்வு அறிக்கைகளை வரிவரியாக வாசித்து எடைபோட வேண்டியிருந்தது. அறிக்கை வாசிக்கத் தெரிந்த சட்டத்தரணிகள் எங்களுக்கு வேண்டும், நிறைய வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் சட்டமோ விஞ்ஞானமோ தீர்த்துவிடாது. இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். தண்ணீர் போதுமா என்ற கணக்கு ஒரு பக்கம். எங்கள் வயலுக்குக் காய்ந்த வருடத்தில் என்ன உத்தரவாதம் என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டு பகுதியும் எங்கள் சனம்தான். முடிவில் வடமராட்சி கிழக்குத் தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் எழுந்து 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்குக் கரன்ட் செலவும் உண்டு, மிஞ்சும் உப்புநீரைக் கடலில் விடும் கேள்வியும் உண்டு. இப்படியான பேச்சில் உட்காரப் பொருளியலும் பொறுமையும் வேண்டும். இந்தப் பக்கத்துக்கு ஒரு முதுகலைப் பட்டம் பிறகு செய்யலாம். முதல் பட்டத்திலேயே எல்லாம் கிடைக்க வேண்டும் என்றில்லை.

இந்தியா போவதைப் பற்றியும் கேட்டாள். இந்திய அரசின் புலமைப்பரிசில் கிடைத்தால் போகலாம். காணியை விற்றுப் போகும் அளவுக்கு முதல் பட்டத்துக்குத் தேவை இல்லை.

கடைசியில் அவளுக்கு நான் சொன்ன ஒழுங்கு இது: முதலாவது வவுனியா, இரண்டாவது சப்ரகமுவ, மூன்றாவது கிளிநொச்சி விவசாயம், நான்காவது திருநெல்வேலி விஞ்ஞானம். என் சொந்தப் பீடம் நாலாவதாக வந்தது மனதுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஆனால் அவள் கேட்டது சூழலும் கொள்கையும். அதற்கு இதுதான் என் பதில். ஆய்வுகூடம்தான் விருப்பம் என்றிருந்தால் திருநெல்வேலியை முதலாவதாகப் போடச் சொல்லியிருப்பேன். சிநேகிதிக்குப் புவியியல், கூடவே சட்டத்துக்கும் ஒரு விண்ணப்பம்.

அவள் இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றிப் போட்டாள். "கிளிநொச்சி எண்டா கிழமைக் கடைசியில வீட்டை வரலாம் மாமி" என்றாள். சரி, அவளுடைய வாழ்க்கை.

வருகிற சனிக்கிழமை விடிய உரும்பிராய்க்கு ஒரு கிணறு பார்க்கப் போகிறோம். இரண்டு பேரும் வருகிறார்கள். போத்தல்கள் கழுவி, கவிழ்த்து வைத்திருக்கிறேன்.