பழைய பென்சில் வாங்கப் போனால் எச் பக்கம் பாருங்கள்: சித்தூர் கடை ஒன்றும் நான் எடுத்து வந்தவையும்

சித்தூர் கச்சேரிமேட்டுப் பக்கம் ஒரு பழைய ஸ்டேஷனரி கடையில் பெட்டி பிரிக்காத வெளிநாட்டு டிராயிங் பென்சில்கள் கிடக்கின்றன என்று ஒரு பேச்சு ஓடுகிறது. (ஆந்திரா சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்.) கேள்விப்பட்டுப் போனவர்களில் பல பேர் 2பி இல்லை, 4பி இல்லை, கடை சும்மா என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அந்தக் கடையின் அருமையே எச் என்று போட்ட கெட்டிப் பென்சில்கள் பக்கம்தான் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. கொழிஞ்சாம்பாறையில் வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில்; கம்ப்யூட்டரில்தான் முடிக்கிறேன் என்றாலும் முதல் கோடு இன்றைக்கும் பென்சிலில்தான், அதனால் இதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் எச், பி என்பதன் கணக்கு. பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட் தூளும் களிமண்ணும் கலந்து குச்சியாக இழுத்து, சூளையில் சுட்டு, மெழுகில் ஊற வைத்த பொருள். 1795இல் பிரான்ஸில் கோன்ட்டே என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். போரினால் இங்கிலாந்திலிருந்து நல்ல கிராஃபைட் வருவது நின்றுபோனதால் இருக்கிற தூளை வைத்துச் சமாளிக்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு. களிமண் கூடினால் லெட் (அந்தக் குச்சிதான்) கெட்டியாகும், கோடு மெல்லிசாக, சாம்பல் நிறத்தில் விழும், அது எச். கிராஃபைட் கூடினால் மெத்தென்று கறுப்பாக விழும், அது பி. நடுவில் எச்பி, எச்பிக்கும் எச்சுக்கும் இடையில் எஃப். எண் ஏற ஏற அந்தந்தக் குணமும் ஏறும். ஆனால் எவ்வளவு கறுப்பு இருந்தால் அது 2பி என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு கிடையாது. ஜப்பான்காரன் எச்பி ஜெர்மன்காரன் எச்பியைவிடக் கறுப்பு. நம் ஊர் எக்ஸ்ட்ரா டார்க் பென்சிலால் எழுதிப் பழகிய பிள்ளையின் கையில் பழைய ஜெர்மன் எச்பியைக் கொடுத்தால் "இது எழுதவே மாட்டேங்குது" என்றுதான் சொல்லும். ஆகவே எழுத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

அந்தக் கடையில் எச் மட்டும் ஏன் மிஞ்சியது? கடைக்காரச் சேட்டனே சொன்னார். ஒரு காலத்தில் அகத்தேத்தறை இன்ஜினீயரிங் கல்லூரிப் பிள்ளைகளும் பாசன இலாகா ஆபீஸ்காரர்களும் டஜன் டஜனாக எச்சும் 2எச்சும் வாங்குவார்களாம். கம்ப்யூட்டரில் வரைய ஆரம்பித்ததும் அந்தக் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. பி வகையைப் படம் போடுகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாங்கித் தீர்த்துவிட்டார்கள். நான் எச் கேட்டதும் மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். "மோனே, உள்ளே நெறைய உண்டு, வந்து எடுத்துக்கோ" என்று கதவைத் திறந்து விட்டுவிட்டார்.

நான் எடுத்தவற்றில் முதலிடம் ஸ்டெட்லர் மார்ஸ் லுமோகிராஃப் 2எச், 4எச். நீல உடம்பில் மேற்கு ஜெர்மனி என்று பொறித்திருக்கிறது, அப்படியென்றால் 1990க்கு முந்தைய சரக்கு. பிளேடால் சீவினால் மரம் சுருள் சுருளாக வருகிறது, பிளேடு எங்கேயும் சிக்கவில்லை. 4எச்சை ஊசி மாதிரி சீவி உப்புத்தாளில் ஒரு உருட்டு உருட்டிவிட்டு ஏ2 தாளில் குறுக்கே கோடு இழுத்தேன். தொடங்கிய இடத்தில் இருந்த மெல்லிசு முடிகிற இடத்திலும் அப்படியே இருந்தது. புது எச்பியில் பாதி தூரம் போவதற்குள் கோடு தடித்துவிடும், பென்சிலை உருட்டிக்கொண்டே இழுக்க வேண்டும். சுவர் கனம் 23 சென்டிமீட்டரை 1:100இல் போட்டால் தாளில் 2.3 மில்லிமீட்டர்தான் வரும், அந்த அளவில் கோட்டின் கனமே கணக்கைக் கெடுக்கும். 4எச் இந்த வேலைக்குத்தான்.

அடுத்தது கோஹினூர் 1500, மஞ்சள் பென்சில், செக்கோஸ்லோவாக்கியா என்று போட்டது, அதாவது 1993க்கு முந்தையது. 1889 பாரிஸ் கண்காட்சியில் 17 தரங்களோடு வந்த பென்சில் இது, பேர் நம் கோஹினூர் வைரத்தின் பேர்தான். நல்ல பென்சில் என்றால் மஞ்சள் நிறம் என்று பல நாடுகளில் ஆனதற்கு இதுவே பெரிய காரணம். என் கைக்கு இதன் 2எச் லுமோகிராஃபைவிடக் கொஞ்சம் நறநறப்பு. டிரேசிங் தாளில் அந்த நறநறப்பு நல்லது, பிடித்து எழுதும். வழுவழுப்பான தாளில் எரிச்சலாக இருக்கும். இதன் எஃப் மட்டும் தனி. பிளானில் அளவும் எழுத்தும் எழுத அதற்கு மேல் ஒன்று வேண்டாம், கை பட்டாலும் இழுகாது, ரப்பரால் அழித்தால் சுத்தமாகப் போகும்.

ஃபேபர்-காஸ்டல் 9000 பச்சையும் சில இருந்தன. 1905 முதல் வருகிற பென்சில், இன்றைக்கும் கடையில் புதிதாகவே கிடைக்கிறது. அதனால் பழசுக்கென்று கூடுதல் காசு தர வேண்டியதில்லை.

இப்போது பி விஷயம். கடையில் ஒட்டிக்கொண்டிருந்த சில 4பி, 6பியையும் எடுத்து வந்தேன். சீவச் சீவ முனை ஒடிந்து விழுகிறது. மெத்து லெட்டுக்குப் பலம் குறைவு. இத்தனை வருஷத்தில் பெட்டி எத்தனை தடவை கீழே விழுந்ததோ, உள்ளேயே துண்டு துண்டாகிக் கிடக்கிறது. கிராஃபைட் வெறும் கரிதான், வயதானால் கெடாது, ஆனால் உடைந்ததை யாராலும் ஒட்ட முடியாது. இணையத்தில் பழைய 2பி ஒன்றுக்கு 300 ரூபாய் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு அப்சரா, கேம்லின் டிராயிங் பென்சில் செட்டே வாங்கலாம், அதில் பி வகை உண்மையாகவே நன்றாக இருக்கிறது, ஷேடிங்குக்குத் தாராளமாகப் போதும். நம் பக்கத்துக் கடைகளில் கேட்டாலும் கிடைக்காதது 4எச்சும் எஃப்பும்தான், பழைய சரக்குக்குக் காசு கொடுப்பதென்றால் அதற்குக் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இடவப்பாதி மழை (ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை) இறங்கிவிட்டால் தாள் ஈரம் இழுத்து நைந்துவிடும், அப்போது 4எச் கோடு போடாது, தாளைக் கீறும். அழித்தாலும் அந்தப் பள்ளம் தெரியும். மழை மாதங்களில் நான் எச்சுக்கோ எஃப்புக்கோ இறங்கிவிடுவேன். 6எச் பற்றியும் பலர் கேட்கிறார்கள்: தாளுக்கு அது அதிகம். ஆனால் எங்கள் ஊர் ஆசாரி அண்ணன் ஒருவருக்கு ஒன்று கொடுத்தேன், தேக்கில் பூட்டுவாய் (மரத்தோடு மரம் கோக்கிற இடம்) குறிக்க அவர் இப்போது அதைத்தான் காதில் செருகி வைத்திருக்கிறார். ஆசாரிப் பென்சிலின் தட்டைக் கோட்டில் எந்த ஓரத்தில் அறுப்பது என்ற சந்தேகம் இதில் வருவதில்லை என்கிறார்.

வாங்கப் போகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். பின்பக்கம் திருப்பி லெட் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள், ஓரம் ஒதுங்கியிருந்தால் சீவும்போது ஒரு பக்கம் மரம் மூடிக்கொண்டே வரும். அப்புறம் மேசைக் கண்ணாடியில் படுக்க வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் மரம் வளைந்திருக்கிறது. சேட்டன் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார், சோதித்துப் பார்க்கத் துண்டுத் தாளும் அவரே தருவார். தமிழிலேயே பேசலாம்.

விலை எந்தத் தரமானாலும் ஒன்று 40 ரூபாய், முழு டஜன் எடுத்தால் குறைத்துத் தருகிறார். மத்தியானம் சாப்பாட்டுக்கு அடைத்துவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பார், கார்டு வாங்குவதில்லை. 4எச்சும் 6எச்சும் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. கோஹினூர் எஃப் நான் எடுத்தது போக ஒரு கைப்பிடி இருக்கும், வேண்டுமென்றால் முதலில் அதைக் கேளுங்கள்.