கூடைக் கைப்பிடி வாள்: எதைப் பார்த்துக் காலம் சொல்வது?

பழைய வாள் ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் அலகைத்தான் உருவிப் பார்ப்பார்கள். பிடிக்கும் கையைச் சுற்றிக் கூடை மாதிரி கம்பிகளோ பட்டைகளோ வளைத்த கூடைக் கைப்பிடி வாளில் அந்த அலகு பல நேரம் பொய் சொல்லும். ஸ்காட்லாந்து வாள்களில் பலவற்றின் அலகு ஜெர்மனியின் சோலிங்கனில் அடித்தது. அதில் 'ஆண்ட்ரியா ஃபெராரா' என்ற பெயரும் இருக்கும். அந்த இத்தாலியக் கொல்லர் 16-ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆன பிறகும் தரமுத்திரை போல அவர் பெயரை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். போதாததற்கு, தாத்தாவின் அலகுக்குப் பேரன் புதுக் கைப்பிடி போட்டுக்கொள்வதும் உண்டு. மராட்டியரின் ஃபிரங்கி வாளில் ஐரோப்பிய அலகும் உள்நாட்டுக் கைப்பிடியும் ஜோடி சேர்ந்ததும் இதே கதைதான்.

ஆக, கைப்பிடியைத்தான் நம்ப வேண்டும். ஆனால் எல்லாக் கைப்பிடியும் ஒரே அளவு துப்புக் கொடுப்பதில்லை.

இங்கிலாந்தின் 'மார்ச்சுவரி' வாள் சுலபமான கேஸ். கையைக் காக்கும் கிண்ணம் போன்ற தகடு, அதில் செதுக்கிய முகங்கள், குமிழோடு (கைப்பிடி நுனியில் இருக்கும் உருண்டை) திருகாணியால் முடுக்கிய பக்கக் கம்பிகள். இதைப் பார்த்தாலே 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, உள்நாட்டுப் போரை ஒட்டிய காலம் என்று சொல்லிவிடலாம். அந்த முகம் 1649-இல் தலை வெட்டப்பட்ட மன்னர் முதலாம் சார்லஸுடையது என்பது பிற்காலச் சேகரிப்பாளர்கள் கட்டிவிட்டது. அவர் உயிரோடு இருந்தபோதே இந்த வகை புழக்கத்தில் இருந்தது.

வெனிஸின் 'ஸ்கியவோனா' வாள் நேர் எதிர். பூனைத்தலைக் குமிழை வைத்து வாள் எந்த ஊர் என்று உடனே சொல்லலாம், ஆண்டு சொல்வதுதான் பாடு. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1797-இல் வெனிஸ் குடியரசு விழும்வரை கிட்டத்தட்ட அதே தோற்றம். கம்பி குறைவாக இருந்தால் முந்தையது, பின்னல் நெருக்கமாக இருந்தால் பிந்தையது, அவ்வளவுதான்.

என் ஓட்டு ஸ்காட்லாந்துக்கு. 1545-இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' கப்பலிலிருந்து எடுத்த கூடைக் கைப்பிடி வாள் ஆங்கிலேயருடையது என்றாலும், காலம் உறுதியான தொடக்கப்புள்ளி அதுதான். 17-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கூடையில் ரிப்பன் போன்ற தட்டைப் பட்டைகள் முன்பக்கம் கிளி மூக்கு மாதிரி கூடி நிற்கும். 18-ஆம் நூற்றாண்டில் இதயமும் வட்டமும் துளைத்த தகடுகள் வந்துவிடுகின்றன. ஸ்டர்லிங்கின் வால்டர் ஆலன், கிளாஸ்கோவின் ஜான் சிம்ப்சன் போன்றவர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளையும் ஊரின் முதலெழுத்தையும் கைப்பிடியில் பொறித்தார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் கைப்பிடி எந்தப் பட்டறை, எந்தத் தலைமுறை என்பதுவரை நெருங்கிவிடலாம். அதே நூற்றாண்டில் ஹைலேண்ட் ரெஜிமென்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைப்பிரிவு) சிப்பாய்களுக்காக ஒப்பந்தத்தில் செய்தவையோ மெல்லிய தகடு, அவசர வேலை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும்.

இதய ஓட்டை ஒன்றை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்; 19-ஆம் நூற்றாண்டு நகல்களிலும் அது இருக்கும். உள்ளே தைத்த சிவப்புத் துணியையும் கணக்கில் எடுக்க வேண்டாம், கிழிந்தால் மாற்றிவிடுவார்கள். கம்பிகளின் மேல்முனை குமிழைச் சுற்றியுள்ள பள்ளத்தில் பதிந்து உட்கார்கிறதா என்று தடவிப் பாருங்கள். உட்காராமல் தள்ளாடினால் குமிழ் வேறு வாளிலிருந்து வந்திருக்கலாம். அதை ஒதுக்கிவிட்டுக் கூடைக்கு மட்டும் காலம் சொல்லுங்கள்.