அகேசியா பிரிந்த பிறகு பெயர் சரிபார்க்க: கியூவின் ‘பிளாண்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’

தாவரங்களின் அறிவியல் பெயர்களைத் தேடிப் பார்க்க லண்டன் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் இந்தத் தளத்துக்குக் கட்டணம் இல்லை. நாற்றங்காலுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர்களும் விதைப் பட்டியல் போடுபவர்களும் முதலில் திறக்க வேண்டிய தளம் இது.

வேல மரங்களுக்குப் பெயர் தேடும்போதுதான் இதன் அருமை தெரியும். 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டில் அகேசியா என்ற பேரினப் பெயர் ஆஸ்திரேலிய இனங்களுக்குப் போனது. 2011இல் மெல்போர்ன் மாநாடும் அதை உறுதிசெய்தது. அதனால் முன்பு அகேசியாவாக இருந்த நம் மரங்கள் வேறு பேரினங்களுக்குப் போயின: கருவேலம் வச்செல்லியா நிலோட்டிகா, வெள்வேல் வச்செல்லியா லூக்கோஃப்ளோயா, சீகைக்காய் செனகலியா ருகேட்டா. பழைய பெயரை ரோமன் எழுத்தில் இட்டுத் தேடினாலும் இன்றைய பெயருக்கே தளம் கொண்டுபோய்விடும்.

இணைப்பெயர்களை, அதாவது ஒரே இனத்துக்கு வழங்கிய மற்றப் பெயர்களை, இரண்டாகப் பிரித்துக் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த வசதி. முதல் தொகுதியில் இருப்பவை ஒரே மூலமாதிரியை (பெயருக்கு ஆதாரமான மாதிரியை) சார்ந்தவை; பேரினம் மாறியது போன்ற காரணங்களால் பெயர் மாறியவை. இரண்டாவதில் இருப்பவை வேறு மாதிரிகளை வைத்து எழுதப்பட்டு, பிறகு ஒரே இனம் என்று சேர்க்கப்பட்டவை. ஆய்வாளர்களின் கருத்து மாறினால் இவை மறுபடியும் தனி இனமாகலாம்.

பட்டியலில் ‘அகேசியா’ என்று வரும் இடத்தையெல்லாம் ‘வச்செல்லியா’ என்று ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். கத்திச்சவுக்கும் நீலகிரி வாட்டில் மரங்களும் அகேசியாவாகவே நீடிக்கின்றன. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

கையில் இருப்பது என்ன செடி என்பதை இந்தத் தளத்தை மட்டும் நம்பி முடிவுசெய்ய முடியாது. அதற்கு முள்ளைப் பாருங்கள். பழைய அகேசியாக்களில், இலையடியில் இரண்டிரண்டாக நேரான முள் இருந்தால் வச்செல்லியா. தண்டில் சிறு கொக்கிமுள் இருந்தால் செனகலியா. பூவை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்: சீகைக்காய்ப் பூவும் கருவேலம்பூ மாதிரி உருண்டைதான்.

பரவல் வரைபடத்தில் பச்சை இயல்பிடம், ஊதா வெளியிலிருந்து வந்தது. ஆனால் இந்தியாவின் பெரும்பகுதி அதில் ஒரே வட்டாரம். தென்னிந்தியாவில் வளரும் குடைவேலுக்கும் வடக்குவரை பச்சையே விழும். மாவட்ட அளவில் நட இனம் தேர்ந்தெடுக்க அது போதாது, வட்டாரத் தாவர நூல் வேண்டும்.

2022இல் சீமைக்கருவேலமும் வன்னியும் இருந்த புரோசோபிஸ் பேரினமும் பிரிந்தது. சீமைக்கருவேலம் இப்போது நெல்ட்டுமா ஜூலிஃப்ளோரா, வன்னிக்கு மாற்றமில்லை. பழைய பட்டியல்களோடு ஒப்பிட வேண்டியிருக்கும் என்பதால், பலகையில் புதுப் பெயரின் கீழே பழைய பெயரையும் தமிழ்ப் பெயரையும் சரிபார்த்த ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.