இரவுத் தயிரும் என் மூக்கும்

டொராண்டோவில் ஹீட்டர் போட ஆரம்பித்ததும் எனக்கு மூக்கடைப்பு வந்துவிடும். நெற்றி பாரமாகும், குனிந்தால் கன்னம் வலிக்கும், குழம்பு கொதிக்கும் வாசனைகூடத் தெரியாது. 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சைனஸ் என்றார் அங்குள்ள மருத்துவர். ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்து, கொதித்து ஆறிய நீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவவும் சொல்லிக்கொடுத்தார். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

ஜனவரியில் சென்னைக்கு வந்தபோது முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். ரத்தம் எடுத்து, அதில் உள்ள ஐஜிஜி என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் அளவை வைத்து எனக்கு ஆகாத உணவுகள் என்று நீளமான பட்டியல் கொடுத்தார்கள். கோதுமை, முட்டை, பருப்பு எல்லாம் அதில் இருந்தன. அப்புறம் தேடிப் படித்தால், இந்தச் சோதனையை நம்பி உணவை ஒதுக்க வேண்டாம் என்று கனடாவின் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2012-லேயே அறிவித்திருக்கிறது. அந்த உணவை அடிக்கடி சாப்பிடுகிறோம் என்பதைத்தான் ஐஜிஜி பெரும்பாலும் காட்டுமாம். கட்டிய பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அம்மா என்னைத் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு அழைத்துப் போனார். சித்தத்தில் சைனஸைப் பீனிசம் என்கிறார்கள். அங்கிருந்த பெண் மருத்துவர் காலையில் என்ன குடிப்பேன், இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுவேன், தலைக்குக் குளித்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. இரவில் தயிரும் வாழைப்பழமும் வேண்டாம், ஃபிரிட்ஜ் தண்ணீர் கூடாது, தூதுவளை ரசம் வையுங்கள், மாலையில் சுக்குமல்லி காபி குடியுங்கள் என்றார். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கவும், நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடவும் சொன்னார். ஸ்ப்ரேயை நிறுத்தச் சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை தந்தது.

மூன்று வாரத்தில் நெற்றிப் பாரம் நன்றாகக் குறைந்தது. பத்தியத்தாலா, ஹீட்டர் இல்லாத சென்னைக் காற்றாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பால் பொருள்கள் சளியைக் கூட்டுகின்றன என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரமும் இல்லை. ஆனால் எனக்கு இரவுத் தயிரை விட்டது ஒத்துப்போகிறது, விட்டுவிட்டேன். ஸ்ப்ரேயும் உப்புநீரும் தொடர்கின்றன.

திரும்பி வந்த வாரம் சுக்குமல்லிப் பொடி கொதிக்கவைத்தேன். அடுப்பிலிருந்தே வாசனை வந்தது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.