சீனியர் சேம்பரா, கம்பெனி லீகலா? முதல் சில வருஷங்களுக்கு என் ஓட்டு

சட்டம் முடித்துவிட்டு வரும் தம்பி தங்கைகள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். சென்னை ஹைகோர்ட் இருக்கும் பாரிமுனைப் பக்கம் ஒரு சீனியர் வக்கீலின் சேம்பரில், அதாவது அவர் ஆபீஸில், ஜூனியராகச் சேர்வதா, ஓ.எம்.ஆரில் ஏதாவது ஒரு கம்பெனியின் லீகல் டீமில் உட்காருவதா? நான் சேம்பரில் தொடங்கி, பிறகு கம்பெனிக்கு வந்தவள். இப்போது கழுத்தில் ஐடி கார்டு தொங்குகிறது. லீகல் டீமுக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களிலும் உட்காருகிறேன். அப்படியிருந்தும் சொல்கிறேன்: முதலில் சேம்பர், கம்பெனி அப்புறம்.

சம்பளத்தில் கம்பெனிதான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உத்தரவு அப்படி; கைக்கு வருவது சீனியரின் மனசைப் பொறுத்தது. கம்பெனியில் மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு. பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படியே கிடைக்கும். சேம்பரில் ஒருநாள் லீவு கேட்கவே தயங்கித் தயங்கி நிற்க வேண்டும்.

ஆனால் நான் பார்ப்பது வேறொரு கணக்கு. நாளைக்கு மனசு மாறினால் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போக முடியும்?

வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி ஒரு வழக்கறிஞர் முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. பார்த்தால், கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். தெரிவிக்காமலே காலம் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. விஷயம் என்னவென்றால், கம்பெனியில் கழியும் வருஷங்கள் வக்கீல் அனுபவமாகக் கணக்கில் வராது. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருஷ பிராக்டிஸ் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீலாக இருந்து நேரடியாக மாவட்ட நீதிபதி ஆக ஏழு வருஷம், உயர் நீதிமன்ற நீதிபதி ஆகப் பத்து வருஷம் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 23 வயதில் யாருக்கும் ஜட்ஜ் ஆசை வருவதில்லை. முப்பதை ஒட்டி வரும், வீட்டிலும் கேட்க ஆரம்பிப்பார்கள். அப்போது உட்கார்ந்து வருஷம் எண்ணிப் பார்த்தால், கம்பெனியில் இருந்தவர்களுக்கு எண்ண ஒன்றும் இருக்காது.

ஜட்ஜ் ஆசையே இல்லை என்றாலும் இதே கதைதான். நாலைந்து வருஷம் கோர்ட்டில் அலைந்தவரைக் கம்பெனிகள் சந்தோஷமாக எடுக்கும், நாங்களும் எடுக்கிறோம். மறுபக்கம் யோசியுங்கள். 32 வயது, வீட்டுக் கடன், குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ். அந்த வயதில் பழகிய சம்பளத்தை விட்டுவிட்டு, கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஜூனியர்களோடு போய் நிற்க எத்தனை பேரால் முடியும்? கம்பெனி வக்கீலுக்கு ஒரே கட்சிக்காரர்தான், அது கம்பெனி. ராஜினாமா செய்தால் லேப்டாப்போடு அதையும் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். சேம்பரில் இருப்பவருக்கோ மூன்றாவது வருஷத்திலேயே சொந்தமாக ஒரு செக் பவுன்ஸ் கேஸ், தெருக்காரர் ஒருவரின் வாடகைத் தகராறு என்று நாலு பேர் தேடி வர ஆரம்பிப்பார்கள்.

வேலை கற்பதிலும் வித்தியாசம் தெரியும். கம்பெனியில் சேர்ந்த புதிதில் எல்லாரும் செய்வது அக்ரிமென்ட் திருத்துவதுதான். அந்த அக்ரிமென்ட் கோர்ட்டில் எப்படி அடிவாங்கும் என்று பார்த்தவர் திருத்துவது தனி. சாட்சிக் கூண்டில் நம் கட்சிக்காரர் நிற்கிறார். அக்ரிமென்டை வா.சா.ஆ. 1, அதாவது வாதி தரப்பின் முதல் சான்று ஆவணம், என்று மார்க் பண்ணப் போகிறோம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, போதிய முத்திரைத் தீர்வை கட்டவில்லை, மார்க் பண்ணக் கூடாது என்கிறார். ஜட்ஜ் தாளைப் புரட்டிப் பார்க்கிறார். விடுபட்ட தீர்வையையும் அதைப்போல் பத்து மடங்கு அபராதத்தையும் கட்டினால்தான் அந்தக் காகிதம் சாட்சியத்தில் ஏறும். கட்சிக்காரர் கூண்டிலிருந்தே நம்மைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையைச் சந்தித்த ஜூனியர் அப்புறம் எந்த அக்ரிமென்டை எடுத்தாலும் ஸ்டாம்ப் பேப்பரைப் பார்க்காமல் முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டார்.

இன்னொன்று, நாள் கணக்கு. வணிக வழக்குகளில் சம்மன் சர்வ் ஆன, அதாவது முறைப்படி கைக்கு வந்த, நாளிலிருந்து 120 நாளுக்குள் எதிர்வாதவுரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) போட்டாக வேண்டும். அதற்கு மேல் கோர்ட்டே நினைத்தாலும் அவகாசம் தர முடியாது. கம்பெனிகளில் சம்மன் செக்யூரிட்டி டெஸ்க்கில் வந்து விழும். அட்மின், ஃபைனான்ஸ் என்று சுற்றி, அவுட்சைட் கவுன்சில், அதாவது கம்பெனி அமர்த்தும் வெளி வக்கீல், ஃபீஸுக்கு அப்ரூவல் வாங்கி முடிப்பதற்குள் அந்த 120 நாளில் பாதி போயிருக்கும். சேம்பரில் இருந்து வந்தவர் முதலில் கேட்பதே ‘எந்தத் தேதி சர்வ் ஆச்சு?’ என்றுதான். கேம்பஸிலிருந்து நேராக வந்தவர், கேஸ் என்ன, யார் போட்டது என்று ஆரம்பிப்பார். புத்தி குறைவு என்று சொல்லவில்லை. கோர்ட் ஃபைலிங் கவுன்டரில் நின்று, குறை சொல்லித் திருப்பித் தரும் பேப்பரை வாங்கிய பழக்கம் அவருக்கு இல்லை.

கம்பெனியில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சேல்ஸ்காரரிடம் ‘முடியாது’ என்று சொல்லாமலே முடியாததைப் புரியவைப்பது, பேலன்ஸ் ஷீட்டைப் படிப்பது, மூன்று வரியில் ஒரு சிக்கலை எம்.டி.க்கு எழுதுவது எல்லாம் எனக்கு இங்கேதான் வந்தது. சேம்பர் பழக்கத்தில் நீட்டி முழக்கி எழுதிய மெயில்களை யாரும் படிக்கவில்லை.

பெரிய லா ஃபர்ம் வழி தனி. மும்பை, பெங்களூரு ஃபர்ம்களில் டீல் பார்ப்பவர்களை நான் மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன், அதனால் அதற்கு மார்க் போட மாட்டேன். என் கோர்ட் அனுபவமும் சென்னை, அதுவும் சிவில் பக்கம்தான். கிரிமினல் பக்கம் போகிறவர்களோ மாவட்ட கோர்ட்டில் தொடங்குகிறவர்களோ அங்கே இருப்பவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கல்விக் கடன் தலைக்கு மேல் இருக்கிறது, வீட்டில் சம்பாதிக்கிற ஆள் வேறு இல்லை என்றால் கம்பெனிக்கே போங்கள், யோசிக்க வேண்டாம். ஆனால் அக்ரிமென்டோடு வழக்குகளையும் பார்க்கும் டீமாகத் தேடுங்கள். அவுட்சைட் கவுன்சில் கோர்ட்டுக்குப் போகும்போது கூடப் போக அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

சேம்பர் என்று முடிவு செய்தால், போர்டில் இருக்கிற பேரைப் பார்த்துப் போகாதீர்கள். வாய்தா வாங்க மட்டுமே ஜூனியரை அனுப்பும் சேம்பரில் மூன்று வருஷம் இருப்பதைவிடக் கம்பெனி எவ்வளவோ மேல். அங்கிருந்து வெளியே வந்த ஜூனியர் ஒருவரைப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். முதல் குறுக்கு விசாரணை எந்த வருஷம் கிடைத்தது, டிராஃப்டைச் சீனியர் கூட உட்கார்ந்து திருத்தினாரா, பணம் ஒழுங்காக வந்ததா என்று கேளுங்கள். சிட்டி சிவில் கோர்ட்டில் சாட்சிகளை விசாரித்து டிரையல் நடத்தும் சேம்பரா, ஹைகோர்ட்டில் ரிட் மனுக்கள் மட்டும் பார்க்கும் சேம்பரா என்பதையும் விசாரியுங்கள். எனக்கு டிரையல் சேம்பர்தான் உதவியது.